எருமை தேடிப் போன சாக்ஸபோன்

கல்யாணமாகி மேட்டுப்பாளையத்துக்கு வந்த முதல் வருடத்தில் நான் அதிகம் பேசிய சொல் "சரிங்க" என்பதுதான். ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்து, ஆங்கில இலக்கியம் படித்து, கல்லூரி ஆண்டு விழாக்களில் மீசை ஒட்டிக்கொண்டு வில்லன் வேஷம் போட்டவள் நான். பெண் பார்க்க வந்தவர்களிடம் இந்த மீசை விவரத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. பாக்கு மண்டி வைத்திருந்த அந்தக் கூட்டுக் குடும்பத்தில் என்னை வாய் பேசாத பிள்ளை என்றே நம்பினார்கள். நானும் எதற்கு அவர்களைச் சிரமப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலே என் கணவரின் அண்ணன். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தங்கமான மனிதர். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகக் காரை எடுப்பார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனதும், ஊசியை எப்படிச் சாய்த்துப் பிடித்தால் வலிக்காது என்று டாக்டருக்குச் சொல்லித் தருவார். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எப்போது கியர் மாற்றுவது என்று சொல்லிக்கொண்டே வருவார். ஊரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அவரைக் கண்டால் சந்துக்குள் புகுந்துவிடுவார்கள். அவர் சொல்வதில் பாதி சரியாகவும் இருக்கும். அதுதான் இன்னும் கஷ்டம்.

வருடா வருடம் ஊரில் மூன்று நாள் இசை விழா நடக்கும். கல்யாண மண்டபத்தில்தான். மாமாதான் செயலாளர். முதல் நாள் கர்நாடக சங்கீதம், கடைசி நாள் பக்திப் பாடல்கள், நடுவில் கோயம்புத்தூரிலிருந்து மெல்லிசைக் குழு. உண்மையைச் சொன்னால், ஊர் வருவது அந்த நடு நாளுக்குத்தான். சினிமாப் பாட்டு கேட்கலாம், விசில் அடிக்கலாம்.

நான் போன அந்த முதல் வருடத்தில், நடு நாள் மத்தியானம் தாண்டியும் மெல்லிசைக் குழுவைக் காணவில்லை. மாமா எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் வேர்வை.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று அக்கா கேட்டார். அக்கா என்று நான் சொல்வது மாமாவின் மனைவியை.

"கருமத்தம்பட்டில ஒரு கல்யாண ரிசப்சனுக்குப் போயிட்டானுகளாமா. நம்ம தேதிய மறந்துட்டானுகளாமா. காலண்டர்ல சுழிச்சு வெய்யுங்கடான்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டாத்தான?"

அப்போது என் கணவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஊட்டி ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விட்டு வந்தவர் அங்கே பார்த்ததைச் சொன்னார். மூன்று வெள்ளைக்காரர்கள். ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கச்சேரி செய்துவிட்டு மலை இறங்கும்போது அவர்கள் டிரைவரோடு வாடகைக்கு எடுத்த வேனின் பிரேக் புகைந்து போயிருக்கிறது. காலையில்தான் வண்டி தயாராகும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

"பெரிய பெரிய வாத்தியமெல்லாம் வெச்சிருக்காங்கண்ணா. ஜாஸ் வாசிக்கறவங்களாமா."

மாமாவின் முகத்தில் லைட் எரிந்தது.

"ஜாஸா? சினிமால கிளப் டான்ஸுக்கு வாசிப்பாங்களே, அதுதான? அருமையா இருக்குமே! அம்மணி, கெளம்பு. நீதான் இங்கிலீசு பேசோணும்."

"சரிங்க" என்றேன்.

ஷெட்டில் செந்தாடி வைத்த ஒரு நெட்டை மனிதர் பழைய டயர் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் சாக்ஸபோன். பக்கத்தில் முட்டி வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்ட ஒரு பெண், தன்னைவிட உயரமான ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தாள். உள்ளே டபுள் பேஸ் என்றாள். பிடில் ஒன்று ஆளுயரம் வளர்ந்துவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் டபுள் பேஸ். டிரம்ஸ் வாசிக்கிற பையன் கோணிச் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தான். டென்மார்க்காரர்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் தாடிக்காரர் மற்ற இருவரைப் பார்த்தார். டிரம்ஸ்காரன் கண்ணைத் திறக்காமலே கட்டை விரலை உயர்த்தினான். இவ்வளவு பேச்சும் முடிவதற்குள் மாமா வேனுக்கு அடியில் குனிந்து மெக்கானிக்குக்கு பிரேக்கைப் பற்றி நிறையச் சொல்லி முடித்திருந்தார்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. மெல்லிசைக் குழு வரவில்லை என்ற செய்தி பரவியிருந்தது. வெள்ளைக்காரர்கள் வாசிக்கப் போகிறார்கள் என்ற செய்தி அதைவிட வேகமாகப் பரவியிருந்தது. முந்தைய முகூர்த்தத்துக்கு வைத்த இரண்டு தெர்மோகோல் அன்னங்கள் மேடையின் பின்னால் இன்னும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவில் டிரம்ஸ். அந்தப் பெண் டபுள் பேஸைத் தனியாகத் தூக்கிக்கொண்டு மேடையேறியபோது பெண்கள் பக்கத்தில் ஒரே சலசலப்பு. "அந்தாளுக ஒரு கை புடிக்கறாங்களா பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

மாமா மைக்கில் வரவேற்றார். மைக்கை எத்தனை தூரத்தில் பிடித்துப் பேச வேண்டும் என்று மைக்செட்காரருக்கு மைக்கிலேயே சொன்னார். பிறகு, "எங்க ஊட்டு அம்மணி இவங்க பேசறதைத் தமிழ்ல சொல்லும்" என்று என் கையில் கொடுத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு மைக் பிடிக்கிறேன்.

தாடிக்காரர் ஏதோ பேசினார். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஓர் ஆங்கிலம். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை நேர்மையாக மொழிபெயர்த்தேன்.

"இவங்க முன்கூட்டியே தயார் பண்ணி வெச்சது கொஞ்சந்தானுங்க. மத்ததெல்லாம் இந்த மேடையிலயே தோணறபடி வாசிப்பாங்களாம். ஒருக்கா வாசிச்சதை மறுக்கா அதே மாதிரி வாசிக்க மாட்டாங்களாம்."

முன்வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரில் ஆலோசனை சொல்வதில் மாமாவுக்குச் சமமான ஆள் அவர் ஒருவர்தான். "அப்ப ஒத்திகை பாக்காமயே வந்துட்டாங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். மண்டபம் சிரித்தது.

"வண்டி நின்னுபோச்சில்லீங்க, அதுல நேரம் பத்தியிருக்காது" என்று மாமா அவரைச் சமாதானப்படுத்தினார்.

வாசித்தார்கள். சாக்ஸபோன் எங்களுக்குப் புதிதில்லை. கல்யாணங்களில் கீர்த்தனை கேட்டிருக்கிறோம். ஆனால் இது எங்கேயோ ஆரம்பித்து, நடுவில் வழியை விட்டிறங்கி, வேறு எங்கேயோ போய் நின்றுகொண்டு கத்தியது. ஜனங்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து மேடையோரம் நின்ற என்னிடம் மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இன்னும் சுருதி சேத்தி முடியலீங்களா?"

பாட்டு முடிந்தபோது அது முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. மாமா மட்டும் கை தட்டினார். அவர் நடுவிலும் இரண்டு தடவை தட்டியிருந்தார். "கேபிள்ல படம் போடறானாமா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இரும்பு நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெண்கள் குழந்தைகளை இடுப்பில் ஏற்றத் தொடங்கினார்கள். மாமா என்னைப் பார்த்துக் கையை வீசினார். ஏதாவது பண்ணு என்று அர்த்தம்.

தாடிக்காரர் அடுத்த பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆற்றங்கரை என்றார். சாயங்காலம் என்றார். யாரோ போய்விட்டார்கள் என்பது மாதிரியும் கேட்டது. நான் வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த முதுகுகளைப் பார்த்தேன். அதற்கப்புறம் என் வாயிலிருந்து வந்தது எதையும் நான் யோசித்துச் சொல்லவில்லை.

"ஒரு நிமிசமுங்க! போறவங்க கதையக் கேட்டுட்டுப் போங்க!"

முதுகுகள் நின்றன.

"பவானி ஆத்தோரத்துல ஒருத்தர் எருமைய மேய உட்டிருந்தாருங்க. பொழுது எறங்கி வந்து பாத்தா எருமையக் காணோம். இந்த சாக்ஸபோன் இருக்குதில்லீங்க, இதுதான் எருமைக்காரர். தேடிட்டுப் போறார். அந்தம்மணி வெச்சிருக்கற பெரிய வாத்தியம் இருக்குது பாருங்க, அதுதான் எருமை. அது எங்க இருக்குதுன்னு நீங்கதான் கேட்டுக் கண்டுபுடிக்கோணும்."

"அப்ப அந்த மேளம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது எருமைக்காரரோட சம்சாரமுங்க."

பெண்கள் பக்கத்தில் முதல் சிரிப்பு வந்தது. தாடிக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பாவம், ஒன்றும் தெரியாமல் சாக்ஸபோனை வாயில் வைத்தார்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தது. சாக்ஸபோன் நீளமாக ஒரு தடவை இழுத்தது. "கூப்படறாரு" என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு தடவை, கொஞ்சம் மேலே. "கரட்டு மேல ஏறிப் பாக்கறாரு." அடியில் டபுள் பேஸ் தும்தும் என்று நடக்க ஆரம்பித்ததும் குழந்தைகள் நாற்காலி மேல் ஏறிவிட்டன. "அதா எருமை! அதா!" சாக்ஸபோன் அதைக் கண்டுகொள்ளாமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. காய்கறி மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்து நின்று, "ஏனுங்க, பொறத்தால பாருங்க!" என்று கத்தினார். காணாமல் போனது எருமை, தேடுவது ஒரு பித்தளைக் குழாய், ஆனாலும் எங்கள் ஊரில் மரியாதை குறையாது.

பிறகு மற்ற இருவரும் ஒதுங்க, டபுள் பேஸ் தனியாக வாசித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒவ்வொரு கம்பியாக இழுத்துவிட்டாள். "தண்ணிக்குள்ள எறங்கீருச்சு" என்றார் தேங்காய் மண்டிக்காரர், குரலைத் தாழ்த்தி. "படுத்துட்டு அசை போடுது" என்றார் மாமா. அடுத்தது டிரம்ஸ். அந்தப் பையன் கையை ஓங்கி அடித்த முதல் அடியிலேயே பெண்கள் பக்கம் கொதித்துவிட்டது. "உடாத கண்ணு! நல்லாக் கேளு!" என்று டிரம்ஸைத் தூண்டிவிட்டார்கள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இடத்தில் நின்றபோது, "கெடச்சுருச்சு!" என்று மண்டபம் கூரை அதிரக் கத்தியது. டீக்கடையில் நின்றவர்கள் என்ன கலாட்டா என்று உள்ளே ஓடி வந்தார்கள். கேபிள் படத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

தாடிக்காரர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தார். தங்கள் ஊரிலேயே டபுள் பேஸ் தனியாக வாசிக்கும்போதுதான் ஜனங்கள் பீர் வாங்கப் போவார்கள், இவர்கள் எப்படி இத்தனை கவனமாகக் கேட்கிறார்கள், ஏன் சிரித்தார்கள், என்று கேட்டார்.

வேறு வழியில்லை. சொன்னேன்.

அவர் தங்கள் மொழியில் மற்ற இருவருக்கும் சொன்னார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"நான் எருமையா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் டபுள் பேஸின் கழுத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "நான் தனியாக வாசித்தபோது எருமை என்ன செய்தது?" என்று கேட்டாள். தண்ணீரில் படுத்திருந்ததாக ஊர் முடிவு செய்தது என்றேன். யோசித்துப் பார்த்து, "சரிதான், அந்த இடத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றாள்.

உண்மையில் அந்தப் பாட்டு தாடிக்காரரின் தம்பி ஊரைவிட்டுப் போய், பல வருடம் கழித்துத் திரும்பி வந்ததைப் பற்றியதாம். "ஆனால் எருமை இன்னும் நன்றாக இருக்கிறது" என்றார். "சரி, அடுத்தது என்ன?"

அடுத்தது என்ன என்று என்னைத்தான் கேட்கிறார்! நான் மண்டபத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் மாமா, ஸ்பீக்கர் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும் என்று தேங்காய் மண்டிக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தேங்காய் மண்டிக்காரர், அப்படியில்லை என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக நான் விழுங்கிய அத்தனை "சரிங்க"வும் தொண்டைக்கு ஏறி வந்தது.

எல்லாருக்கும் புத்தி சொல்கிற ஒரு மனிதர், அவரிடமிருந்து மரியாதை கெடாமல் தப்பிக்கப் பார்க்கிற இன்னொரு மனிதர், இதுதான் கதை என்று மூவருக்கும் சொன்னேன். எங்கள் ஊரில் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டோம், "வாரேனுங்க" என்போம் என்றேன். அந்தப் பெண் அதை வாயில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கம்பியில் தேடினாள். வா, ரே, னுங், க. நான்கு சுரம். கிடைத்துவிட்டது.

மைக்கை எடுத்தேன்.

"ஒரு ஊர்ல ஒரு பெரிய மனுசருங்க. ரொம்ப நல்லவரு. ஆனா ஆரப் பாத்தாலும் புத்தி சொல்லுவாரு. ஊடு கட்டறவங்களுக்கு வாசல மாத்தி வைக்கச் சொல்லுவாரு. டாக்டருக்கு ஊசி போடச் சொல்லித் தருவாரு."

பெண்கள் பக்கத்தில் இப்போதே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். தூணருகே நின்ற என் கணவர் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார். பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

"சாக்ஸபோன் அந்தப் பெரிய மனுசரு. பெரிய வாத்தியம், அவருகிட்ட மாட்டிக்கிட்ட ஆளு. அந்தாளு வாரேனுங்க, வாரேனுங்கன்னு கெளம்பப் பாக்கறாரு. பெரியவர் உட மாட்டேங்கறாரு."

சாக்ஸபோன் பேச ஆரம்பித்தது. பேசியது என்றுதான் சொல்ல வேண்டும். தாடிக்காரருக்கும் அப்படி ஒரு மாமா இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமியது, ஒரு விஷயத்தைத் தொட்டது, கிளை பிரிந்தது, முதலில் சொன்னதையே வேறு மாதிரி சொன்னது. மூச்சு வாங்க நின்ற இடத்தில் டபுள் பேஸ் பணிவாக நான்கு சுரம் போட்டது. மூட்டை தூக்குபவருக்குத்தான் முதலில் பிடிபட்டது. "வாரேனுங்க!" என்றார். அடுத்த முறை பத்துப் பேர் சொன்னார்கள். அதற்கடுத்த முறை மண்டபமே சொன்னது. சாக்ஸபோன் ஒவ்வொரு தடவையும் "அட இருப்பா" என்பதுபோல் மறுபடி ஆரம்பிக்கும். டிரம்ஸ்காரன் கதவைச் சாத்துவதுபோல் டமார் என்று அடிப்பான். ஊரே சேர்ந்து "வாரேனுங்க!" என்று கெஞ்சும்.

எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் மாமாதான். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து துண்டால் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் தாடிக்காரர் என்னிடம், இதற்குக் கதை வேண்டாம், அவரவர் நினைத்துக்கொள்ளட்டும் என்றார். அதை அப்படியே சொன்னேன். கேட்கத் தெரிந்துவிட்ட ஜனங்கள், அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடைப் படியில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அதில் எருமையோ மனிதரோ யாரும் வரவில்லை. மூன்று சத்தங்கள் ஒன்றுக்கொன்று இடம் விட்டுப் போய்க்கொண்டிருந்தன. அதுவே போதுமாக இருந்தது. வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன், அவர் என்ன நினைத்தார் என்று.

"நா எங்கம்மா ஊட்டுக்குப் போற பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்திருந்தேன்."

"தனியாவாக்கா?"

"தனியாத்தான்" என்றார், சுற்றிலும் பார்த்துவிட்டு.

மறுநாள் காலை மாமா இட்லிக்கு உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டார். என் கணவர் பாதி இட்லியோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

"அம்மணி, நேத்து மூணாவது பாட்டுக்கு ஒரு கதை சொன்னயே."

"சரிங்க மாமா."

"என்ன சரிங்க? அந்தத் தேங்கா மண்டிக்காரரப் பத்தி உனக்கு ஆரு சொன்னது?"

நான் சட்னியை எடுத்து அவர் தட்டில் ஊற்றினேன்.

"மனுசன் அப்பிடித்தான், ஒத்துக்கறேன். அதுக்காக எம் பக்கத்துலயே உக்காத்தி வெச்சுட்டு இப்பிடிப் பண்ணலாமா? அதுலயும் பாரு, தன்னையத்தான் சொல்றாங்கன்னு தெரியாமயே அவரும் சிரிக்கறாரு. எனக்குப் பாவமாப் போச்சு."

சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. அக்கா அதை உடனே எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நான் மண்டி வாசலுக்குப் போனபோது அந்தத் தேங்காய் மண்டிக்காரரே எதிரில் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமாவ நல்லா வாரிட்டீங்க அம்மணி. நாங்கெல்லாம் எத்தன வருசமாச் சொல்ல முடியாம இருந்தோம் தெரியுமுங்களா?" என்று சொல்லிவிட்டு, மைக் பிடிக்கும்போது வலது கையில் பிடித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

அப்போது பிரேக் சரியான வேன் மண்டிக்குள் வந்து நின்றது. சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார்கள். மாமா எல்லாருக்கும் இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு, தாடிக்காரரைத் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"சொல்லு அம்மணி. வாசிச்சது பிரமாதம். ஆனா சாக்ஸபோன இன்னுங் கொஞ்சம் மேல தூக்கிப் புடிச்சா மூச்சு நல்லாப் போகும். அப்பறம் அந்த மேளக்காரத் தம்பி காலு அகட்டி உக்காரக் கூடாது, இடுப்பு புடிச்சுக்கும்."

மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒரு சொல் விடாமல், நேர்மையாக. தாடிக்காரர் மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மாமாவைப் பார்த்தார். அவர் தாடி மெல்ல ஆட ஆரம்பித்தது. அந்தப் பெண் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து, மாமாவுக்கு முன்னால் குனிந்து சொன்னாள்:

"வாரேனுங்க."

"பாத்தியா, ஒரே நாள்ல நம்ம பேச்சு வந்துருச்சு!" என்று மாமா பூரித்துப் போனார். அவளுக்கு மட்டும் இன்னோர் இளநீர் வெட்டச் சொன்னார்.

வேன் பின்னால் போக வேண்டும். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வரட்டும், எடமிருக்குது, வரட்டும்" என்று கையை ஆட்டினார். டிரைவர் ஊட்டிக்காரர், நல்ல பையன், சொன்னபடியே வந்தார். களத்தில் காயப்போட்டிருந்த பாக்குக் குவியலுக்குள் வேன் பின்சக்கரம் வரை ஏறி நின்றது. உரிக்காத பாக்கு பாதி ரோட்டுக்கு உருண்டோடியது. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி இறங்கினார்கள்.

டிரைவர் வெலவெலத்துப்போய் இறங்கி வந்தார். மாமா குவியலையும் சக்கரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்.

"நா ஆயிரம் சொல்லுவனுங்க. நீங்க கண்ணாடியப் பாத்து வரோணுமில்ல?"

அப்புறம் நாங்கள் எல்லாரும் கூடையோடு ரோட்டில் இறங்கினோம். தாடிக்காரர் முட்டி போட்டுப் பாக்குப் பொறுக்கினார், டிரம்ஸ்காரன் சைக்கிள்காரர்களை நிறுத்தி வைத்தான், அந்தப் பெண் சட்டையைத் தொட்டில் மாதிரி பிடித்து அதில் அள்ளிக்கொண்டு வந்தாள். அக்கா மட்டும் மண்டி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத்தான் பார்த்தார், சிரிப்பு விடவில்லை.